இடைவேளை அண்ணையின் இரண்டாம் பாதி

உலகத்திலேயே அதிகமான படங்களைப் பாதி மட்டும் பார்த்த மனிதர் திருகோணமலை உள்துறைமுக வீதியில்தான் இருக்கிறார். இதற்கென்று ஒரு போட்டி வைத்தால் கிண்ணம் வேறு எந்த நாட்டுக்கும் போகாது. ஆனால் அதை வாங்க அவர் மேடைக்கு வரமாட்டார். பரிசு கொடுப்பதை எப்போதும் கடைசியில்தான் வைப்பார்கள், அதற்குள் அவர் எழும்பிப் போயிருப்பார்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று உண்டு. மின்சார பில் கொண்டுவருகிறவருக்கு அது தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் இடைவேளை டெயிலர். வயதுக்கு மரியாதை கொடுக்கிறவர்கள் இடைவேளை அண்ணை என்பார்கள். அவரது தையல்கடைக்கு நேரெதிரே, கப்பலில் வந்த சாமான்களை விடுவித்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் நான் கிளாக்கராக இருந்தேன். அந்த நாட்களில் நான் கப்பல்களைப் பார்த்ததைவிட அவரைப் பார்த்ததுதான் அதிகம்.

கடையில் ஒரு டிவி இருந்தது. காலையில் படம் போட்டுவிட்டு மெசினில் இருப்பார். பாதிப் படம் ஓடியதும் டிவியை நிறுத்திவிடுவார். வெட்டவேண்டிய துணி, தைக்கவேண்டிய பொத்தான் எதையும் அவர் பாதியில் விட்டதில்லை. கதையை மட்டும்தான் விடுவார். காரணம் கேட்டால் சட்டமாக ஒரு பதில் வைத்திருந்தார்.

"இடைவேளை வரைக்கும் எல்லாரும் உயிரோட இருக்கினம் தம்பி. அது காணும். அதுக்குப் பிறகு நடக்கிறதுக்கு நான் பொறுப்பெடுக்க ஏலாது."

ஏதோ அவர் பார்ப்பதால்தான் கதாநாயகி சாகிறாள் என்பதுபோல இருக்கும் அவர் பேச்சு. பாதி வரைக்கும் பார்ப்பதையும் அவர் சும்மா பார்க்கமாட்டார். தங்கச்சி அண்ணனுக்குச் சோறு போட்டாலே அவருக்குக் கண் கலங்கிவிடும். சோகப் பாட்டு வந்தால் அது காதில் விழாமல் இருக்க மெசினை வேகமாக மிதிப்பார். அந்த வீதியில் யாருக்காவது அவசரமாக உடுப்பு தைக்கவேண்டியிருந்தால், "அண்ணை, சோகப் படமா ஒண்டு போடுங்கோ" என்று கேட்டுக்கொண்டு போவார்கள்.

சில இயக்குநர்களுக்கு இவருடைய சட்டம் தெரியாது. இடைவேளைக்கு முன்னமே அம்மாவைச் சாகடித்துவிடுவார்கள். அப்படி ஓர் அம்மா செத்த நாளில்தான் என்னுடைய நேர்முகப் பரீட்சைக் காற்சட்டை அவருடைய மெசினில் இருந்தது. வலது கால் தையல் முழங்கால் வரை நேராக வந்து, அதற்குக் கீழே கண்ணீரில் வழுக்கிக்கொண்டு போயிருந்தது. திருத்தித் தாருங்கள் என்று கொண்டுபோனேன். அதைக் கையில் எடுத்ததும் அவருக்கு அந்தக் காட்சி ஞாபகம் வந்துவிட்டது. நான் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீதியில் அதற்கு 'அம்மா செத்த காற்சட்டை' என்று பெயர் விழுந்தது. அதைப் போட்டுக்கொண்டு போய்த்தான் அந்தக் கிளாக்கர் வேலையையும் எடுத்தேன்.

இரவல் வாங்கும் புத்தகங்களுக்கு அவர் வேறு வழி வைத்திருந்தார். வாசிக்கத் தொடங்கும் முன்பே கடைசி அத்தியாயத்தைத் துணி வெட்டும் கத்தரிக்கோலால் அழகாக வெட்டியெடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். திருப்பிக் கொடுக்கும்போது அதை மறுபடி தைத்துக் கொடுப்பார். தையல் சுத்தமாக இருக்கும் என்பதால் ஒருவரும் பெரிதாகக் கோபித்ததில்லை. நான் இரவல் கொடுத்த நாவல் ஒன்றை மட்டும் வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில் வாடிக்கையாளர் வந்துவிட்டார். பக்கங்களை வாசல்படியில் வைத்துவிட்டு அளவெடுக்கப் போயிருக்கிறார். எங்கள் ஊரில் மான்கள் பஸ் நிலையத்தில் நிற்கும், கடைவீதியில் நிற்கும், கோயில் வாசலிலும் நிற்கும். கடதாசி கண்டால் விடாது. ஒரு மான் வந்து அத்தியாயம் முழுவதையும் தின்றுவிட்டது. அந்த நாவல் எப்படி முடிந்தது என்று திருகோணமலையில் அந்த மானுக்கு மட்டும்தான் தெரியும்.

"வேற புத்தகம் வாங்கித் தாறன் தம்பி" என்றார் அண்ணை. முகத்தில் கவலை இருந்ததாகச் சொல்லமாட்டேன்.

கிரிக்கெட்டும் அப்படித்தான். கடைசி ஓவர்கள் தொடங்கியதும் எழும்பி, வீதியைக் கடந்து, கடற்கரைத் தடுப்புச் சுவரில் போய் உட்கார்ந்துவிடுவார். வெடி கேட்டால் வெற்றி, கேட்காவிட்டால் தோல்வி. ஒருநாள் எங்கள் அணி படுதோல்வி கண்டிருந்த நேரத்தில் ஓட்டோக்காரர்கள் வேண்டுமென்றே வெடி கொளுத்தினார்கள். அண்ணை துள்ளிக்கொண்டு வந்து வீதியில் நின்ற எல்லோருக்கும் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தவர்களில் ஒருவருக்கும் அவரிடம் உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. நானும் குடித்தேன், நல்ல தேநீர்.

இதையெல்லாம் வாசிக்கிற உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். இந்த மனிதருக்கு ஒரு கதையும் முடிந்ததே இல்லையா? முடிந்தது. முடித்துக் கொடுக்க ஓர் ஆள் இருந்தார். அவருடைய மனைவி தவமணி அக்கா.

இருவரும் தியேட்டருக்குச் சேர்ந்துதான் போவார்கள். இடைவேளை மணி அடித்ததும் அண்ணை வெளியே வந்து எதிரே உள்ள தேநீர்க் கடையில் குந்திவிடுவார். அக்கா உள்ளே இருந்து மிச்சத்தைப் பார்ப்பார். படம் விட்டதும் இருவரும் கடற்கரை வீதியால் நடந்து வீட்டுக்குப் போவார்கள், அக்கா கதை சொல்லிக்கொண்டு வருவார். நான் சில நாட்களில் பின்னால் நடந்திருக்கிறேன். அக்காவின் கைகள் இரண்டும் காற்றில் ஆடும். அண்ணை இடையிடையே நின்று, "பிறகு?" என்று கேட்பார். தியேட்டரில் கேட்காத விசில் சத்தம் ஒருநாள் அந்த நடையில் கேட்டது. அண்ணைதான் அடித்தார்.

அக்காவுக்கு நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் கன நாள் இருந்தார். நாங்கள் எல்லோரும் உள்ளுக்குள் ஒரே விஷயத்துக்குத்தான் பயந்தோம். இந்த மனிதர் எழும்பி வெளியே போய்விடுவாரோ என்று. அவர் போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, அந்த ஒன்றை மட்டும் கடைசிவரை இருந்து பார்த்தார். அவர் தன் வாழ்க்கையில் முழுதாகப் பார்த்தது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கிண்ணியா நானாவின் சண்டை. நானா என்பது முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் சொல். இவர் துணி வியாபாரி. கிண்ணியாவுக்குப் பாலம் வந்த நாளிலிருந்து துணிக்கட்டுகளோடு பஸ்ஸில் வந்து இறங்கி, கடை கடையாகக் கொடுத்துவிட்டுப் போவார். விலை பேசும்போது அரை அங்குலம்கூட இறங்கமாட்டார். ஒருநாள் பழைய படமொன்றைப் பற்றிப் பேச்சு வந்தது. நானும் அங்கேதான் நின்றேன்.

"அருமையான படம். கடைசியில ரெண்டு பேரும் கலியாணம் முடிச்சு நிலாவெளியில வீடு கட்டினவை" என்றார் அண்ணை.

நானா அளந்துகொண்டிருந்த துணியை நிறுத்தினார். "என்ன டெயிலர் கதைக்கிறீங்க? அந்தப் புள்ள மலையில இருந்து விழுந்து மௌத்தாப் போறா. நான் என்ட கண்ணால பார்த்தன்."

"இல்லை நானா. நிலாவெளியில வீடு கட்டினவை."

"படம் எடுத்தது இந்தியாவில. அவங்க ஏன் நிலாவெளிக்கு வாறாங்க?"

"நல்ல காத்து வரும். அதுக்காக வந்திருப்பினம்."

நானா சூடாகிவிட்டார். அடுத்த நாளே அந்தப் படத்தை ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். தீர்ப்புச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். அண்ணை உள்ளே இருக்க மறுத்துவிட்டு, வீதிக்கு அந்தப் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு, துறைமுகத்தைப் பார்த்தபடி நின்றார். நானும் நானாவும் மிச்சப் படத்தைப் பார்த்தோம். கதாநாயகி மலையிலிருந்து விழுந்தாள். சந்தேகத்துக்கு இடமே இல்லை, இரண்டு கோணத்தில் காட்டினார்கள்.

"பாத்தீங்களா தம்பி" என்று நானா கையைக் கட்டிக்கொண்டார்.

என் மனம் அப்போது படத்தில் இல்லை. தவமணி அக்காவின் ஊர், பக்கத்தில் கடலோரம் இருக்கும் நிலாவெளி. அங்கே அவர்களுக்கு ஒரு துண்டுக் காணி இருந்தது. வீடு கட்டவேண்டும், கட்டவேண்டும் என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். கட்டவில்லை. இத்தனை வருஷமும் கடற்கரை வீதியில் கையை ஆட்டி ஆட்டி அக்கா யாரை எங்கே குடியேற்றினார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நானாவிடம் இரண்டு வசனத்தில் சொன்னேன். அவர் பென்டிரைவைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அண்ணை உள்ளே வந்தார். "என்ன மாதிரி? கட்டினவையோ?"

நானா என்னைப் பார்த்தார். நான் நானாவைப் பார்த்தேன். அரை அங்குலம் இறங்காத மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஓம் டெயிலர். நான்தான் வேற படத்தோட மாறிட்டன். வீடு கட்டினாங்க. நல்ல பெரிய வீடு."

"பெரிசில்லை நானா. சின்ன வீடு" என்றார் அண்ணை. பிறகு மெசினில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அன்றிலிருந்து அக்காவின் வேலை எனக்கு வந்துசேர்ந்தது. அண்ணை பாதிப் படம் பார்ப்பார், நான் மீதியைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுவேன். விஷம் குடித்தவர்களுக்கு வாந்தி எடுக்கவைத்தேன். தூக்குமேடைக்குப் போனவர்களுக்கு மேன்முறையீட்டில் விடுதலை வாங்கிக் கொடுத்தேன். பிறகு எல்லோரையும் நிலாவெளி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். என் கணக்குப்படி இப்போது அங்கே ஹோட்டல்களைவிடச் சினிமாக்காரர்களின் வீடுகள்தான் அதிகம். இதில் எனக்குச் சிரிப்பு இருந்தது, சந்தோஷமும் இருந்தது. போனவர்கள் திரும்பி வந்தார்களா இல்லையா என்று தெரியாத கதைகள் வீட்டுக்கு ஒன்று இருக்கும் ஊர் எங்களுடையது. ஒரு முடிவையாவது நல்லதாகச் சொல்லக் கிடைத்தால் நாக்குக்கே ஒரு ருசி வந்துவிடும்.

ஆனால் இந்த விளையாட்டில் ஒருத்தி மட்டும் நொந்துபோயிருந்தாள். அண்ணையின் ஒரே மகள் தர்சினி. பள்ளிக்கூடத்தில் அவள் நடித்த நாடகங்களுக்கெல்லாம் அண்ணை முன்வரிசையில் போய் இருப்பார், பாதியில் எழும்பிவிடுவார். அவள் கடைசிக் காட்சியில் மேடைக்கு வந்து பார்க்கும்போது தகப்பனின் கதிரை காலியாக இருக்கும். சின்ன வயதில் அழுதாள். பிறகு அழுவதை விட்டுவிட்டாள், அவரைக் கூப்பிடுவதையும் விட்டுவிட்டாள்.

அவள் இப்போது குறும்படம் எடுக்கிறாள். போன வருஷம் ஒருநாள் என் வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, என்ர படம் ஒண்டு மண்டபத்தில போடினம். அம்மாவைப் பற்றின படம். அப்பா வரவேணும். வந்து முடியும் வரைக்கும் இருக்கவேணும். நீங்கதான் கூட்டிக்கொண்டு வரவேணும்."

"பிள்ளை, உனக்குத் தெரியும்தானே அவரை."

"தெரியும். அவர் என்ர ஒண்டையும் முடிய இருந்து பாத்ததில்லை மாமா. இதையும் விட்டிட்டுப் போனாரெண்டா நான் இனி அவருக்கு ஒண்டும் காட்டமாட்டன்." அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அண்ணை மெசினை நிறுத்தினார்.

"தவமணியின்ர கதையோ?"

"ஓம் அண்ணை."

"அதை ஒருக்காப் பாத்திட்டன் தம்பி. திரும்பப் பாக்க ஏலாது."

சரி, இடைவேளை வரைக்கும் இருங்கள் என்றேன். அதற்கு ஒத்துக்கொண்டார். குறும்படத்துக்கு இடைவேளை கிடையாது என்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லப் போகவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. கிண்ணியா நானா குடும்பத்தோடு வந்திருந்தார். அண்ணை வழக்கம்போல ஓரக் கதிரை, எழும்ப வசதியாக. பக்கத்தில் நான். படம் தொடங்கியது. ஒரு தியேட்டர் வாசல், எதிரே தேநீர்க் கடை, அங்கே ஒருவர் குந்தியிருக்கிறார். சனம் வெளியே வருகிறது. அதற்குள்ளிருந்து தவமணி அக்காவின் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு தர்சினி வந்தாள். நடையும் கை வீச்சும் தாயேதான். எனக்குப் பக்கத்தில் மூச்சுச் சத்தம் நின்றுவிட்டது.

இருவரும் கடற்கரை வீதியால் நடந்தார்கள். அவள் கதை சொன்னாள். மண்டபம் சிரித்தது. அண்ணையும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு படத்தில் அந்தப் பெண் இருமினாள். அதற்கடுத்த காட்சியில் ஆஸ்பத்திரிக் கட்டில் வந்தது.

"தம்பி, இடைவேளை எப்ப?" என்று அண்ணை என் காதுக்குள் கேட்டார்.

"இந்தா வருது."

"எப்ப வருது?"

அவருடைய கை முன் கதிரையைப் பிடித்துக்கொண்டிருந்தது. பாதி எழும்பிவிட்டார். மூன்றாவது வரிசையில் இருந்த தர்சினி திரையைப் பார்க்கவில்லை, திரும்பித் தகப்பனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவருடைய சட்டையைப் பிடித்து இழுக்கலாமா என்று யோசித்தேன். இழுத்தால் கிழியாது, அவரே தைத்தது. ஆனால் கை வரவில்லை.

திரையில் அந்தப் பெண் கட்டிலில் மெல்ல எழும்பி, தலையணையில் சாய்ந்துகொண்டாள். கதிரையில் இருந்தவரைப் பார்த்து, "கிட்ட வாங்கோ. மிச்சத்தைச் சொல்லுறன்" என்றாள். இரண்டு கைகளையும் காற்றில் தூக்கினாள். அப்படியே திரை கறுத்தது. வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு சொல் வந்தது.

இடைவேளை.

லைட் போட்டார்கள். படம் அவ்வளவுதான். சனம் விளங்கிக்கொள்ளச் சற்று நேரம் எடுத்தது, அதற்குப் பிறகு கைதட்டல் நிற்கவில்லை. அண்ணை பாதி எழும்பிய நிலையில் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வழக்கம்போல வெளியே போனார்.

மண்டபத்துக்கு எதிரே தேநீர்க் கடை இருந்தது. அதன் வாசலில் இரண்டு மான்கள். அண்ணை பிளேன்டீயை வாங்கி, குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இந்த மனிதர் இப்போது திரும்பி, "மிச்சத்தைச் சொல்லும்" என்று என்னைக் கேட்பார். எத்தனையோ பேரைப் பிழைக்கவைத்த எனக்கு இந்த ஒருவரைப் பற்றிப் பொய் சொல்ல வாய் வராது. அவர் கேட்கும் முன் நான் கேட்டுவிட்டேன்.

"பிறகு என்ன நடந்தது அண்ணை?"

அவர் என்னைப் பார்த்தார்.

"நீரும் நானாவும் என்னை என்ன விசரன் எண்டோ நினைச்சனீங்கள்?" என்றார். "படத்தில வாற சனமெல்லாம் இந்தியாவில இருந்து வந்து நிலாவெளியில வீடு கட்டுமோ? தவமணி முதல் படத்துக்குச் சொல்லேக்கையே எனக்குத் தெரியும். அவளுக்கு அப்பிடிச் சொல்ல ஆசை. எனக்குக் கேக்க ஆசை. பிறகு நீர் சொல்லத் தொடங்கினீர். உமக்கும் ஆசை எண்டு விளங்கினது, அதையும் கேட்டன்."

இத்தனை நாளும் யார் யாருக்காகக் கதை சொன்னது என்று எனக்குத் தலை சுற்றியது.

தர்சினி வெளியே வந்து எங்களுக்குப் பின்னால் நின்றாள். அண்ணை அவளைப் பார்த்தாரோ இல்லையோ, தேநீரைக் கடையின் தட்டில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் காற்றில் தூக்கினார். அந்தக் கைவீச்சு எங்கிருந்து வந்தது என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

"பிறகென்ன. அந்த மனிசிக்குச் சுகம் வந்தது. டொக்டரே பயந்துபோனார். ரெண்டு பேரும் பஸ் ஏறி நிலாவெளிக்குப் போச்சினம். சின்னதா ஒரு வீடு கட்டினவை."

"கிணறு எந்தப் பக்கம் அப்பா?" என்று தர்சினி கேட்டாள்.

"வாசலுக்கு வலப்பக்கம். குசினி கடலைப் பாத்தபடி. சமைக்கேக்க காத்து வரவேணுமெண்டு கொம்மா சொன்னவ."

"பிறகு?"

"பிறகு ஒரு மகள். அவள் படம் எடுத்தாள். தகப்பன் முழுக்க இருந்து பாத்தான்."

தர்சினி தகப்பனின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் மானைப் பார்ப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். தட்டில் இருந்த தேநீர் ஆறிப்போனது.

அண்ணை இன்றைக்கும் அதே கடையில்தான் இருக்கிறார். இன்றைக்கும் பாதிப் படத்தோடு டிவியை நிறுத்திவிடுகிறார். நான் இன்றைக்கும் மீதியைப் போய்ச் சொல்கிறேன். எனக்கு நிலாவெளிப் பக்கம் அலுவல் வரும் நாட்களில் பஸ்ஸில் கடற்பக்க ஜன்னலோரம்தான் உட்காருகிறேன். கிணறு வாசலுக்கு வலப்பக்கம் இருக்கிற ஒரு சின்ன வீடு கண்ணில் படுகிறதா என்று பார்த்துக்கொண்டே போகிறேன்.